கூந்தன்குளத்தின் அமைதி

விடுமுறை நாளில் இளைப்பாற விரும்புவோர் மலைக்கும் கடற்கரைக்கும் செல்கின்றனர். ஊர்ப்புறத்து நீர்நிலை ஒன்றின் கரையில் அரைநாள் அமர்ந்திருப்பதும் உயர்ந்த இன்பமே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வின்பத்தை நாடுவோர்க்குத் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் ஏற்ற இடமாகும். நெல்லையிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகில் அமைந்துள்ளது இச்சிற்றூர்.

குளமும் அதன் உறுப்புகளும்

வடமாவட்டங்களில் ஏரி என்றும், இராமநாதபுரம் பகுதியில் கண்மாய் என்றும் வழங்கும் நீர்த்தேக்கத்தையே நெல்லை மக்கள் குளம் என்பர். இது இயற்கையாய்த் தோன்றிய பள்ளமன்று; முன்னோர் கரை எழுப்பி ஆக்கிய தேக்கம். வயலுக்கு நீர் விடுவது மடை. மிகுந்த நீரை வெளியேற்றுவது மறுகால். ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்திற்கு வரத்தாகும். இவ்வாறு குளங்கள் சங்கிலித் தொடராய் அமைந்திருப்பது நம் முன்னோரின் நீர் மேலாண்மைக்குச் சான்றாகும். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணை நீரும் கூந்தன்குளத்திற்கு வளம் சேர்க்கின்றன.

விருந்தினர் வருகை

நீர் நிறைந்த ஆண்டுகளில், டிசம்பர்த் திங்களையொட்டிப் பறவைகள் வரத் தொடங்குகின்றன. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியன இங்குக் கூடி வாழ்கின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தையும், நீண்ட கால்களையுடைய பூநாரையையும் இங்குக் காணலாம். நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டோரம் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுவது இவ்வூரின் தனிச்சிறப்பு. குஞ்சு பொரித்து வளர்த்தபின் கோடையின் இறுதியில் அவை கலைந்து செல்கின்றன.

இக்குளமும் அண்மையிலுள்ள காடன்குளமும் இணைந்த பகுதி 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 129 எக்டேர். பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இது இடம்பெற்ற செய்தி 2022-இல் வெளியாயிற்று.

ஒரு மூதாட்டி நடத்திய பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச்சுத் திங்களில், மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்தேன். பேருந்தில் பாட்டும் ஆரவாரமுமாய் வந்த மாணவர்கள் கரையேறியதும் வியப்பில் நின்றனர். நாரைக்கூட்டம் ஒருசேரப் பறக்கும் காட்சியைக் காண விழைந்த மாணவர் ஒருவர் உரக்கக் கை தட்டினார். மரமொன்றிலிருந்து நாரைகள் பல எழுந்தன. மற்றவர்கள் மகிழ்ந்தனர், யானும் தடுக்கவில்லை.

அவ்வழியே விறகுக் கட்டுடன் வந்த மூதாட்டி ஒருவர் நின்றார். "ஐயா, பிள்ளைகளைக் கை தட்ட வேண்டாம்னு சொல்லுங்க. தாய் எழும்பிட்டா குஞ்சு வெயில்ல வாடிரும்" என்றார். சினமின்றி, தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் கூறியது எம்மைத் தலைகுனிய வைத்தது.

அதன்பின்னரே கூடுகளை ஊன்றி நோக்கினோம். நண்பகல் வெயிலில் தாய்நாரை இறகை விரித்து, குஞ்சுகளுக்கு நிழலாய் அசையாமல் நின்றது. தாய் அகன்ற கூட்டில் வெயில் நேரே விழும். காகமும் பருந்தும் குஞ்சைக் கவரவும் கூடும். தென்குமரி வந்து வடதிசைக்கு மீளும் நாரையைத் தூது விடுத்த சத்திமுத்தப் புலவரின் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய யான், நாரை வாழும் முறையை அன்றுதான் கண்டேன்.

அமைதியின் காரணம்

பறவைகளின் வரவை நற்பேறாகக் கருதும் இவ்வூரார் வெடி வெடிப்பதையும் பேரோசையையும் தவிர்ப்பதை வழக்கமாகக் கொண்டவர்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர்களும் இங்கு உண்டு. பறவையின் எச்சம் கலந்த நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. ஆக, பறவைக்கு ஊர் காவல். ஊருக்குப் பறவை துணை. நாம் வியந்து நுகரும் அமைதி தானே அமைந்ததன்று. ஓர் ஊர் தன் கொண்டாட்டத்தைச் சுருக்கிக்கொண்டு ஈட்டியது என்பது இதனால் தெளிவாகும்.

மழை பொய்த்துக் குளம் வறண்ட ஆண்டுகளில் பறவைகள் இங்குத் தங்குவதில்லை. மழை நம் கையில் இல்லை. வரத்துக்கால்களைத் தூராமல் காப்பதும், கரையில் குப்பை போடாதிருப்பதும், குரலைத் தாழ்த்துவதும் நம் கையில் உள்ளன.

எனவே, அங்குச் செல்ல விரும்பும் மாணவ நண்பர்களே! காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். தொலைநோக்கியும் உணவும் கொண்டு செல்லுங்கள். ஒலிபெருக்கியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். கூட்டின் அருகே செல்லாமல், கரையில் ஓரிடத்தில் அமர்ந்திருங்கள். சிறிது நேரத்தில் பறவைகள் நம்மை மறந்து தம் வேலையில் ஈடுபடும். அன்று பிற்பகல் எம் மாணவர்கள் அவ்வாறுதான் அமர்ந்திருந்தனர். திரும்பும்போது, கை தட்டிய அம்மாணவர் பேருந்தடியில் நின்று, உரக்கப் பேசிய நண்பர்களை நோக்கி வாயில் விரல் வைத்துக் காட்டினார்.