ஐரோப்பியக் கருத்தியல்களும் சேலம், சேர்வராயன் மலைப் பகுதியும்

தேசியவாதம், தாராளவாதம், பழமைவாதம் ஆகிய மூன்றும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரசியலை உருவாக்கிய கருத்தியல்கள் ஆகும். பாடநூல்களில் இவை பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளின் வரலாறாக விளக்கப்படுகின்றன. அதே காலத்தில் இவற்றுள் பழமைவாதமும் தாராளவாதமும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் வழியாகச் சேலம் மாவட்டத்தின் வயல்வெளிகளுக்கும், அதன் வடகிழக்கே உள்ள சேர்வராயன் மலைக்கும் வந்து சேர்ந்தன. நிலம் யாருக்கு உரியது, வரியை யாரிடம் வாங்குவது என்னும் கேள்விகளுக்கு இக்கருத்துகளைக் கொண்டு விடை தேடப்பட்டது. ஆனால், ஆளப்படும் மக்களின் ஒப்புதல் வேண்டுமா என்னும் கேள்வி அப்போது எழுப்பப்படவில்லை. அக்கேள்வியைத் தேசியவாதம் பின்னாளில் எழுப்பியது.

மூன்று கருத்தியல்கள்: சுருக்கம்

பழமைவாதம்: மன்னராட்சி, திருச்சபை, நிலவுடைமை, குடும்பம் போன்ற நீண்டகால அமைப்புகளைக் காக்க வேண்டும்; மாற்றம் வேண்டுமானால் அது மெதுவாக வரவேண்டும் என்பது இதன் அடிப்படை. 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1790-இல் எழுதிய நூல் இதன் மூலநூலாகக் கருதப்படுகிறது. நெப்போலியனின் வீழ்ச்சியை அடுத்து 1814–1815-இல் கூடிய வியன்னா மாநாடு பழைய அரச குடும்பங்களை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. ஆஸ்திரியாவின் மெட்டர்னிக் 1848 வரை இந்த ஏற்பாட்டைக் காத்து நின்றார்.

தாராளவாதம்: தனிமனித உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், சொத்துரிமை, தடையற்ற வணிகம், அரசியலமைப்புக்கு உட்பட்ட ஆட்சி ஆகியவற்றை இது வலியுறுத்தியது. ஆயினும் அக்காலத் தாராளவாதிகளில் பெரும்பாலோர் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்கவில்லை. சொத்துள்ள ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தால் போதும் என்றே கருதினர். பிரிட்டனின் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை.

தேசியவாதம்: மொழி, வரலாறு, பண்பாடு ஆகியவற்றால் ஒன்றுபட்ட மக்கள் ஒரு தேசம், அத்தேசம் தன்னைத் தானே ஆள வேண்டும் என்பது இதன் கருத்து. 1821-இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போர், 1830ஆம் ஆண்டின் பெல்ஜியப் புரட்சி, 1831-இல் ஜோசப் மாஜினி தொடங்கிய 'இளம் இத்தாலி' இயக்கம் ஆகியவை இதன் தொடக்கக்கால நிகழ்வுகள்.

ஐரோப்பாவில் தாராளவாதமும் தேசியவாதமும் பெரும்பாலும் கைகோத்து நடந்தன. பழமைவாதம் இரண்டையும் எதிர்த்தது. இந்தியாவில் இந்த அணிவகுப்பு மாறியது. அதற்குச் சேலம் நல்ல எடுத்துக்காட்டு.

சேலம் கம்பெனியின் கைக்கு வருதல்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் பகுதியையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இவற்றின் நிர்வாகம் அலெக்சாண்டர் ரீட் என்னும் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் 1761-இல் பிறந்த மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ரீட்டும் மன்றோவும் இங்கே ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து வரி விதித்துக்கொண்டிருந்தனர்.

இடையில் தரகர் இல்லாமல், உழும் குடியானவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் முறை இங்குதான் உருப்பெற்றது. இதுவே பின்னர் ரயத்துவாரி முறை எனப்பட்டது. 'ரயத்து' என்பது குடியானவரைக் குறிக்கும் சொல்.

மிட்டா முறையும் அதன் தோல்வியும்

கார்ன்வாலிஸ் பிரபு 1793-இல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பரம்பரை நிலவுடைமையாளர்கள் நாட்டின் தூண்கள் என்னும் ஆங்கிலேயப் பழமைவாத நம்பிக்கையும், அரசு தலையிடாத சொத்துரிமை செழிப்பைத் தரும் என்னும் தாராளவாத நம்பிக்கையும் இத்திட்டத்தில் கலந்திருந்தன. இங்கிலாந்தில் உள்ளதுபோல ஒரு நிலக்கிழார் வகுப்பு இங்கும் உருவாகும் என எதிர்பார்க்கப்பட்டது.

இத்திட்டம் 1802 முதல் 1805 வரையிலான ஆண்டுகளில் சேலத்திலும் புகுத்தப்பட்டது. ரீட்டும் மன்றோவும் அளந்த நிலங்கள் 'மிட்டா' என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டு விற்கப்பட்டன. வாங்கியவர் மிட்டாதாரர் எனப்பட்டார். அவர் அரசுக்கு ஆண்டுதோறும் நிலையான ஒரு தொகையைச் செலுத்த வேண்டும். மழை பொய்த்தாலும் அத்தொகை குறையாது. பல மிட்டாதாரர்களால் அதைச் செலுத்த முடியவில்லை. அவர்களுடைய மிட்டாக்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குத் திரும்பின. அவ்வாறு திரும்பிய ஊர்களில் ரயத்துவாரி முறை நடைமுறைக்கு வந்தது.

மன்றோ: பழமைவாதியா, தாராளவாதியா?

மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்தார். ஊர் அமைப்புகளைக் குலைக்கக் கூடாது, மக்களுக்குப் பழக்கமான முறைகளைக் காக்க வேண்டும் என்று அவர் வாதிட்டது பழமைவாதப் போக்கு. கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வழக்கு விசாரிக்கும் அதிகாரம் தந்த 1816ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னால் அவருடைய முயற்சி இருந்தது. 1822-இல் அவர் ஆணையிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இயங்கின.

மறுபுறம், பெருநிலக்கிழார்களை விடுத்துச் சிறு குடியானவருக்கு நிலத்தில் நேரடி உரிமை தர வேண்டும் என்றதும், வரியில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று 1807-இல் பரிந்துரைத்ததும் தாராளவாதத்துக்கு நெருக்கமானவை. இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி பெறும் நாளில் பிரிட்டிஷ் ஆட்சி விலகிக்கொள்வதே இரு நாட்டுக்கும் நல்லது என 1824 டிசம்பர் 31 நாளிட்ட குறிப்பில் அவர் எழுதினார். ஆனால் அந்த நாள் வந்துவிட்டதா என்பதை முடிவு செய்யும் உரிமையை அவர் இந்தியர்களுக்குத் தரவில்லை.

ரயத்துவாரியிலும் குடியானவரின் துன்பம் தீரவில்லை. தரகர் போன இடத்தில் அரசே நின்றது. வரியின் அளவை அரசே தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை, அரசு அமைத்த விசாரணை ஆணையமே 1855-இல் உறுதிப்படுத்தியது. தீர்ப்பதற்குச் சட்டமன்றமோ, கேட்பதற்குப் பிரதிநிதியோ இல்லாதபோது, நல்ல நோக்கமுள்ள திட்டமும் இப்படி முடிந்தது.

பெண்டிங்க்: சென்னையிலிருந்து ஜெனோவாவுக்கு

மூன்று கருத்தியல்களும் ஒருவருடைய வாழ்க்கையில் சந்தித்ததற்கு வில்லியம் பெண்டிங்க் சான்று. அவர் 1803 முதல் 1807 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். மிட்டா போன்ற ஏற்பாடுகளில் அவருக்கு ஐயம் ஏற்பட்டது. மன்றோவின் முறையை ஆதரித்தார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி ஆகியவை பற்றிய புதிய விதிகள் அதற்கு உடனடிக் காரணம். அதன் விளைவாகப் பெண்டிங்க் 1807-இல் பதவியிழந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

பின்னர் அவர் பிரிட்டிஷ் படைத்தலைவராகச் சிசிலிக்குச் சென்றார். 1812-இல் அங்கு ஆங்கிலேய முறையைத் தழுவிய அரசியலமைப்பு உருவாகத் துணைநின்றார். 1814-இல் இத்தாலியில் படையுடன் இறங்கி, விடுதலைக்காக எழுமாறு இத்தாலியரை அழைத்தார். ஜெனோவாவைக் கைப்பற்றி, அதன் பழைய குடியரசை மீண்டும் நிறுவினார். ஆனால் வியன்னாவில் கூடிய வல்லரசுகள் ஜெனோவாவை அதன் மக்களைக் கேட்காமலேயே சார்டீனிய மன்னருக்குக் கொடுத்தன. அந்த ஜெனோவாவில் 1805-இல் பிறந்து வளர்ந்தவரே மாஜினி.

பெண்டிங்க் 1828-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து 1835 வரை தலைமை ஆளுநராக இருந்தார். உடன்கட்டை ஏறுதலை 1829-இல் தடை செய்தார். ஆயினும் சிசிலியில் ஆதரித்த அரசியலமைப்பையோ, ஜெனோவாவில் ஆதரித்த தன்னாட்சியையோ இந்தியாவுக்கு அவர் தரவில்லை. இது அவர் ஒருவரின் முரண்பாடு மட்டுமன்று. தாராளவாதத்தின் பெரும் சிந்தனையாளரான ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். விடுதலை பற்றி 1859-இல் வெளிவந்த தம் நூலில், முன்னேறாத சமூகங்களுக்கு அக்கோட்பாடு பொருந்தாது என்று அவர் விலக்கு வைத்தார்.

சேர்வராயன் மலையில்

சமவெளியில் வரி முறைகள் மாறிக்கொண்டிருந்தபோது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்கு வேறு வடிவில் மாற்றம் வந்தது. சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். ஆரஞ்சு, பேரி போன்ற பழமரங்களும் வந்தன. காலப்போக்கில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் குடியேறினர். ஏற்காடு தோட்டங்களின் ஊராகவும் கோடை வாழிடமாகவும் மாறியது. (தாமஸ் மன்றோ 1842-இல் ஏற்காட்டை ஆய்வு செய்தார் என்று சில இடங்களில் காணப்படுவது தவறு. அவர் 1827 ஜூலை 6 அன்றே காலமானார்.)

இம்மலையின் பழங்குடிகள் மலையாளிகள். இப்பெயர் மலைவாழ் மக்கள் என்னும் பொருளுடையது. கேரள மக்களைக் குறிப்பதன்று. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். சாமை, ராகி முதலியவற்றைப் பயிரிட்டு வந்தனர். பல ஊர்கள் சேர்ந்த பகுதியை 'நாடு' என்று அழைத்தனர். காட்டையும் புன்செயையும் பொதுவழக்கப்படி பயன்படுத்தி வந்த அவர்களிடம் எழுத்து வடிவிலான பட்டா இல்லை. தனிச் சொத்துரிமையைப் போற்றிய தாராளவாதக் கண்ணுக்கு, ஆவணமில்லாத நிலம் வெற்று நிலமாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் குடிமகனைக் காத்த சொத்துரிமை, மலையில் தோட்ட முதலாளியைக் காத்தது. மலையாளிகளில் பலர் அத்தோட்டங்களில் கூலி வேலைக்குச் சென்றனர்.

தேசியவாதத்தின் வருகை

மாஜினியின் சிந்தனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. வங்காளத்தில் சுரேந்திரநாத் பானர்ஜி மாஜினியைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். தமிழில் பாரதியார் 'மாஜினியின் சபதம்' என்னும் கவிதையை எழுதினார்.

சேலத்தில் சி. விஜயராகவாச்சாரியார், 1882ஆம் ஆண்டுக் கலவர வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, சட்டப்படி போராடி விடுபட்டார். அரசு அதிகாரத்தைச் சட்டத்தைக் கொண்டே எதிர்த்தது தாராளவாத வழி. அவரே 1920-இல் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவரான இராஜாஜி, விடுதலைப் போராட்டத்தில் முன்னணித் தலைவரானார். அவர் 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, பொருளாதாரத்தில் தாராளவாதத்தையும் பண்பாட்டில் மரபையும் இணைத்தது. ஒருவரை ஒரே கருத்தியலுக்குள் அடக்க முடியாது என்பதற்கு இதுவும் சான்று.

மதிப்பீடு

ஐரோப்பாவில் தாராளவாதிகள் மன்னரிடம் கேட்ட கேள்வி, 'எங்கள் ஒப்புதல் இல்லாமல் எப்படி வரி விதிக்கலாம்?' என்பது. அதே கேள்வியைச் சேலத்துக் குடியானவர் கேட்க இடம் தரப்படவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோதும், வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்தே அமைந்தது. 1832ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வரம்பு இங்கு வேறு வடிவில் தொடர்ந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை, 1951–1952 பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஏற்காடு இன்று பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. காப்பித் தோட்டம் வந்தபோது கருத்துக் கேட்கப்படாத மலை மக்களிலிருந்து ஒருவர் இப்போது சட்டமன்றத்தில் அமர முடிகிறது. தேசியம், தாராளவாதம், பழமைவாதம் பற்றிப் படிக்கும் மாணவர், ஒவ்வொரு கருத்தியலையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம்: அது யாருக்கு உரிமை தந்தது? யாரை வெளியே நிறுத்தியது?