கார்த்திகை இருட்டும் வியாழக்கிழமைச் சங்கமும்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். சனிக்கிழமை மாலை 6 மணி தாண்டி மறைந்த சூரியன் அடுத்த நாள் 5 மணியளவில் போய்விடும். டிசம்பர் தொடக்கத்தில் 4.40-க்கே இருட்டிவிடும். வேலைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அந்த ஞாயிறு கொஞ்சம் கூடுதல் நித்திரை கிடைக்கும் நாள். ஸ்காபுறோ வீடுகளில் பகல் முழுவதும் தனியே இருக்கும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் எனக்குத் தெரிந்தவரை ஆண்டில் மிகக் கவனம் தேவைப்படும் கிழமைகள் அன்றுதான் தொடங்குகின்றன.

நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள். கனடாவுக்கு வந்தபின் ஓய்வுபெறும்வரை பிஎஸ்டபிள்யூ என்ற பராமரிப்பு வேலை செய்தேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, மருந்தை எடுத்துக் கொடுப்பது என்று பல குளிர்காலங்கள் போயின. இப்போது எங்கள் பகுதி முதியோர் சங்கத்தை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. வியாழக்கிழமைதோறும் கூடுவோம். “சீனியர்ஸுக்குப் போறன்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பனி கொட்டும் ஜனவரியை விட்டுவிட்டு ஏன் கார்த்திகைக்குப் பயப்படுகிறீர்கள் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. ஜனவரியில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். ஸ்நோ முழங்கால்வரை கிடந்தால் பூட்ஸ் போடாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. மகன் உப்புப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். கார்த்திகை அப்படியல்ல. பகலில் ஏழெட்டுப் பாகை இருக்கும், மழை தூறும், மேப்பிள் இலைகள் நடைபாதையில் ஊறிக் கிடக்கும். இரவில் வெப்பம் பூச்சியத்தைத் தொட்டதும் அந்த ஈரம் மெல்லிய ஐஸாகிவிடும். காலையில் பார்த்தால் வெறும் நனைந்த தரை போலத்தான் தெரியும். கோடையில் போட்ட செருப்போடேயே குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போவார் ஒரு ஐயா. அதோடு வீட்டுக்குள் யன்னல்களை அடைத்து, மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த ஃபர்னஸை மூட்டுவதும் இந்த நாட்களில்தான்.

இந்தச் சங்கம் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல, அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். எங்களிடம் வருபவர்களில் பலர் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்தவர்கள். 2014-இலிருந்து பெற்றோரைக் கூப்பிடும் பிள்ளை, 20 வருடம் அவர்களைப் பராமரிப்பதாக அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைக்கவேண்டும். இந்த நாட்டில் 10 வருடம் வாழ்ந்து முடிக்கும்வரை முதியோர் பென்ஷன் கிடையாது. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவரும், தோட்டம் செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்த அம்மாவும் பஸ் காசுக்குக்கூட மகனின் முகத்தைப் பார்க்கவேண்டிய வருடங்கள் அவை. மகன் நல்லவன்தான், கேட்டால் கொடுப்பான். ஆனாலும் கேட்பதற்கு வாய் வராது. வாரத்தில் ஒரு நாள் தன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடுவதும், தனக்கென்று ஒரு கதிரை இருப்பதும் அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

பெரிய செலவுமில்லை. ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சமூக அமைப்புகள் 25,000 டொலர்வரை விண்ணப்பித்துப் பெறலாம். ஒன்ராறியோ மாகாணம் முதியோர் நிலையங்களுக்கென்று 2017-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. எங்களைப்போன்ற சின்னச் சங்கங்கள் தேவாலய மண்டபமோ நூலக அறையோ கிடைத்தால் நடந்துவிடும். காலையில் ஒரு தேவாரம், பிறகு கதிரையில் இருந்தபடியே உடற்பயிற்சி, இரத்த அழுத்தம் பார்ப்பது, பிளேன்ரீயும் வடையும். அதன்பின் ஆண்கள் முன்னூற்றுநாலு விளையாடக் குந்திவிடுவார்கள். நாலு பேர் சோடி சோடியாக ஆடும் அந்தச் சீட்டாட்டத்தின் சத்தம் மண்டபத்துக்கு வெளியே கேட்கும்.

அந்த ஆட்டம்தான் ஒருவரைக் காப்பாற்றியது. ஒரு வியாழன் ஒரு சோடியில் ஒருவர் வரவில்லை. “அவன் வராமல் இருக்கமாட்டான் பிள்ளை, எடுத்துப் பார்” என்று சோடிக்காரர் என்னை விடவில்லை. வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மகளின் வேலையிடத்துக்கு எடுத்தேன். மகள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அப்பா கிடந்தார். விடியப்புறம் வாஷ்ரூமுக்கு எழும்பியபோது விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழும்பத் தெரியவில்லை. இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் உடலில் நீர் வற்றி, குளிரும் ஏறி நிலைமை வேறாகியிருக்கும். விழுந்த அடியைவிட, விழுந்தபின் நெடுநேரம் தரையில் கிடப்பது முதியவரை உருக்குலைத்துவிடும். இதை நான் வேலை செய்த காலத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்களிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வரமுடியாதவர் காலை 10 மணிக்குள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நாங்கள் எடுப்போம். பதில் இல்லாவிட்டால் பிள்ளைக்கு, அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்கு. எல்லாருடைய இலக்கங்களும் ஒரு கொப்பியில் உண்டு. மற்ற நாட்களிலும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கதைக்கிறார்கள். முதலில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “நான் என்ன பச்சைப் பிள்ளையே?” என்று கோபித்த மாமி ஒருவர்தான் இப்போது காலை எட்டு மணிக்கே தன் சிநேகிதியை எழுப்புகிறார்.

கனடாவில் முதியவர்கள் காயப்பட்டு வைத்தியசாலையில் சேருவதற்கு முதற்காரணம் விழுகைதான். இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுந்ததால் வருபவை. நவம்பர் மாதத்தையே விழுகைத் தடுப்பு மாதமாக இங்கே அனுசரிக்கிறார்கள். துண்டுப் பிரசுரங்களில் பொதுவாக எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் வீடுகளில் நடப்பது அவற்றில் இருப்பதில்லை. ஊரில் கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளிக் குளித்தவர்கள் இங்கேயும் பாத்டப்புக்குள் வாளியும் சாடியும் வைத்துக்கொண்டு குளிக்கிறார்கள். சவர்க்காரம் வழுக்கும் தொட்டி, முழங்காலளவு விளிம்பு, பிடிக்க ஒரு துவாய்க்கம்பி. அந்தக் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது, கையோடு பிடுங்கிக்கொண்டு வரும். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் திருகிப் பூட்டிய கைப்பிடிதான் வேண்டும். தொட்டிக்குள் ஒரு குளியல் கதிரையும் றப்பர் விரிப்பும் இருந்தால் வாளியை விடச்சொல்லிச் சண்டைபிடிக்கத் தேவையில்லை, இருந்தபடியே குளிக்கலாம்.

குளிருக்குப் போடும் மேசும் அப்படித்தான். வழுவழுப்பான மரத்தரையில் வெறும் மேசோடு நடப்பதைவிட வெறுங்கால் மேல். அடியில் றப்பர் உள்ள, குதிக்காலை மூடிய வீட்டுச் சப்பாத்து இன்னும் நல்லது. இரவில் கட்டிலிலிருந்து வாஷ்ரூம்வரை சின்ன விளக்கு எரியட்டும். எழும்பும்போது உடனே நிற்காமல், கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்து, காலை ஆட்டிவிட்டு எழும்பவேண்டும். பிரெஷர் குளிசை எடுப்பவர்களுக்குச் சட்டென்று நிமிரும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மூன்று நான்கு வைத்தியர்கள் எழுதிய குளிசைகளை ஒன்றாக விழுங்குபவர்கள் எங்களில் அதிகம். நாட்பட்ட நோய்க்கு மூன்றோ அதற்கு மேலோ மருந்து எடுப்பவர் பாமசியில் வருடத்துக்கு ஒருமுறை காசில்லாமல் எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். மெட்ஸ்செக் என்று கேட்டால் போதும். மருந்துப் போத்தல்களோடு, ஊரிலிருந்து வந்த எண்ணெய், லேகியங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

நவம்பர் வியாழன்களில் நாங்கள் விழுந்தபின் எழும்பவும் பழக்குகிறோம். பாய் விரித்து, முதலில் பக்கவாட்டில் புரள்வது, பிறகு கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து உறுதியான கதிரையொன்றைப் பிடிப்பது, பலமான காலை முன்னே வைத்து எழும்புவது. நோவு கடுமையாக இருந்தால் எழும்பவே முயலக்கூடாது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உதவி கூப்பிடவேண்டும். 911-க்கு எடுத்து “தமிழ்” என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இங்கிலிஷ் தெரியாததால் அந்த எண்ணை அழுத்தத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்தது பேஸ்மென்ட். எங்கள் முதியவர்கள் பலர் அங்கேதான் படுக்கிறார்கள். மேலே பேரப்பிள்ளைகள், கீழே பெத்தாச்சியும் பெத்தப்பாவும், சுவருக்கு மறுபக்கம் ஃபர்னஸ். காஸ் சரியாக எரியாவிட்டாலோ, புகைபோக்கி அடைபட்டாலோ கார்பன் மோனொக்சைட் வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காஸ் கசிந்தால் மணக்கும், அந்த மணம் கம்பனிகள் வேண்டுமென்றே சேர்ப்பது. கார்பன் மோனொக்சைட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. இரத்தத்தில் ஒக்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த வாயு, ஒக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு ஒட்டும். தலையிடி, ஓங்காளம், மயக்கம் என்று தொடங்கும். காய்ச்சல் இராது. தடிமன் என்று நினைத்துத் தைலம் பூசிக்கொண்டு படுத்தால் எழும்பாமலே போகலாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனதும் குறைந்தால் உடனே சந்தேகப்படவேண்டும்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில் பொலிஸ் உத்தியோகத்தரான லோரி ஹோக்கின்ஸ், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பமே இதில் இறந்தது. காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. லோரியின் மாமா, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஜோன் கின்யாக், விடாமல் போராடியதில் 2013-இல் அவர்கள் பெயரிலேயே சட்டம் வந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து காஸ் ஃபர்னஸோ கணப்போ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கருவி கட்டாயம். 2026 ஜனவரியிலிருந்து இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். பேஸ்மென்டும் ஒரு தளம்தான். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேட்கவேண்டும்.

கருவி இருந்தாலும் அதன் மொழி தெரியவேண்டும். நெருப்புப் புகைக்கு மூன்று மூன்றாகக் கத்தும். கார்பன் மோனொக்சைட்டுக்கு நான்கு நான்காக. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தரம் “கிக்” என்று மட்டும் கேட்டால் பற்றரி முடிகிறது. அந்த “கிக்” சத்தம் நித்திரையைக் கெடுக்கிறது என்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்தேன். இப்போது மணிக்கூட்டை மாற்றும் கிழமையில் சங்கத்துக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து மூன்று சத்தத்தையும் போட்டுக் காட்டுகிறோம். ஒவ்வொருவரும் தங்கள் பேரனைக் கொண்டு பற்றரி மாற்றுவித்து, அடுத்த வியாழன் வந்து சொல்லவேண்டும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனபோது, குளிர் தாங்காமல் கரியடுப்பை உள்ளே மூட்டியவர்களும் இந்த வாயுவில் சிக்கினார்கள். கரி அடுப்பு ஒருபோதும் வீட்டுக்குள் வரக்கூடாது.

கார்த்திகை எங்களுக்கு விளக்கீட்டு மாதமும்கூட. ஊரில் சிட்டிகளை முற்றத்திலும் மதிலிலும் வைத்தோம். இங்கே காற்றும் தூறலுமாக இருப்பதால் அவை யன்னல் விளிம்புக்கு வந்துவிட்டன. மேலே நைலோன் திரை தொங்கும். சுவாமி அறையில் ஒரு விளக்கைத் தட்டில் வைத்து ஏற்றி, அது அணையும்வரை பக்கத்தில் இருங்கள். யன்னலுக்குப் பற்றரி விளக்குப் போதும். குளிருக்குச் சால்வையைப் போர்த்தியபடி, அல்லது கை அகன்ற ஹவுஸ்கோட்டோடு அடுப்பில் நிற்பதும் வேண்டாம். வடைச்சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. முடிந்தால் அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடி, அதைத் தொடாமல் விடவேண்டும்.

கந்தசஷ்டி விளக்கீட்டுக்கு முன்னே, மணிக்கூடு மாறும் கிழமைகளை ஒட்டி வரும். ஆறு நாள் உபவாசம் இருந்துகொண்டே சீனிக் குளிசையையும் இன்சுலினையும் வழமைபோல எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சீனி இறங்கினால் வியர்த்து, கை நடுங்கி, அந்த இருட்டிலேயே விழுவார்கள். விரதத்துக்கு முன்பே வைத்தியரோடு கதையுங்கள். “பால்பழத்தோடு பிடிச்சால் முருகன் கோவிக்கமாட்டார்” என்று எங்கள் சங்கத்தின் மூத்த ஐயா ஒருவர் சொன்னபிறகு இரண்டு மாமிமார் மாறினார்கள். நான் தாதியாகச் சொன்னபோது கேட்டவர்கள் குறைவு. தங்கள் வயதொத்தவர் சொல்வதன் பலம் தனிதான்.

இருட்டத் தொடங்கியதும் சங்கத்துக்கு வருகிறவர்கள் குறைவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2023 ஜூலையில் ஸ்காபுறோ ஆர்டி ரயில் தடம்புரண்டு, அந்தப் பாதையே மூடப்பட்டது. அதற்குப் பதிலாக பஸ். எழுபது எண்பது வயதில் ஈரக் குளிரில் பஸ் தரிப்பில் நிற்க யாருக்கும் மனம் வராது. அதனால் நவம்பரிலிருந்து மார்ச்வரை கூட்டத்தைக் காலை 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிக்கிறோம், எல்லாரும் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரலாம். கார் வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலர் போகும் வழியில் இன்னொரு அம்மாவையும் ஏற்றி வருகிறார்கள். வியாழக்கிழமை ஷிஃப்ட் பின்னேரமாக இருக்கும் மகனோ மகளோ இதைப் படித்தால், உங்கள் பக்கத்துச் சங்கத்தில் போய்க் கேளுங்கள். காரில் காலியாக இருக்கும் ஓர் இருக்கைக்காகக் காத்திருப்பவர் அந்தத் தெருவிலேயே இருப்பார்.