வண்டி 'மிஸ்ஸிங்' ஆகிறதா? செலவு செய்யும் முன் காரணத்தைக் கண்டறிவோம்



நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடனில் பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் சகோதரர்கள் சிலர், தவணைக்கு அவகாசம் கேட்டு வருகிறார்கள். "வண்டி மிஸ்ஸிங் ஆகுது, ஒர்க்ஷாப்பில் நிற்குது" என்பதே அவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம். பிளக் மாற்றி, காயில் மாற்றி, பம்ப்பும் மாற்றி, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் இப்படிப் போவதைத் தடுக்கவே, அனுபவமுள்ள மெக்கானிக் சகோதரர்களிடம் கேட்டு இதை எழுதுகிறோம். இங்கு சொல்வது பெட்ரோல், கேஸ் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

என்ஜினில் ஒரு சிலிண்டர் வேலை செய்ய மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் எரிபொருளும் காற்றும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த சிலிண்டர் எரியாமல் போகும். வண்டி நடுங்கும், பிக்அப் குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். 'செக் என்ஜின்' விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதையும் கெடுத்துவிடும். சின்னப் பழுது பெரும் செலவாவது இப்படித்தான்.

அடுத்து ஸ்கேனர் போட்டு கோடைக் கேளுங்கள். பி0301 என்றால் 1-வது சிலிண்டர், பி0302 என்றால் 2-வது. பி0300 என்றால் கோளாறு ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள். கோடு இடத்தைச் சொல்லுமே தவிர, எந்த பார்ட் பழுது என்று சொல்லாது. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பார்ட் வாங்க ஓடுகிறார்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால், ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டிகளில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, 1-வது சிலிண்டரின் காயிலை 2-வதில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழைய கோடை அழித்து ஓட்டிப் பார்க்கும்போது கோளாறும் 2-வதுக்கு மாறினால் காயில்தான் பழுது. 1-வதிலேயே நின்றால் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

கழற்றிய பிளக்கும் பேசும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயில் படிந்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கே தீப்பொறி வராமல் இருக்கலாம்.

எல்லா சிலிண்டரும் என்றால் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும்: பெட்ரோல் அழுத்தம், தண்ணீர் கலந்த பெட்ரோல், விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ். ஐடிலிங்கில் மட்டும் நடுங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாவது வேக்கம் லீக்கின் அடையாளமாக இருக்கலாம்.

கேஸ் வண்டியை பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடினால் கேஸ் கிட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் கேஸ் எரிய வலுவான தீப்பொறி தேவை என்பதால், தேய்ந்த பிளக்கும் கேஸில்தான் முதலில் தெரியவரும்.

இவை எதிலும் சரியாகாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கெட்டை முதலில் சந்தேகியுங்கள். பழைய வண்டி வாங்கும் முன்பே இந்த டெஸ்டைச் செய்துவிடுவது இன்னும் நல்லது.

மெக்கானிக்கிடம் "எதை மாற்றணும்?" என்று கேட்காமல், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைத் திரும்பப் பெறுங்கள். அதே நேரம், சோதித்துப் பார்க்க அவர் செலவிட்ட நேரமும் உழைப்புதான்; அதற்குரிய கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது நமது கடமை.

கடன் கொடுத்தவர்களின் பணமும் நாம் ஏற்றிச் செல்லும் பயணிகளின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம். வீண்விரயமின்றி ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.