தடுப்பு மருந்து மலையேறி வருமா?

ஜவ்வாது மலையில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனாள் என்று தெரிந்தால் அதே நாலு பேர் புறம் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, கேட்க வேண்டிய மருந்தைக்கூடக் கேட்காமல் இருந்துவிடும் பெண்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

அந்த மருந்தைச் சுருக்கமாக ‘பிரெப்’ என்கிறார்கள். இது நோயைக் குணமாக்கும் மருந்து அல்ல, வருமுன் காக்கும் மருந்து. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. தொற்று இல்லாத ஒருவர் தினமும் தவறாமல் சாப்பிட்டால், உடலுறவு வழியாக எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 99 சதவீதம்வரை குறைகிறது. 2012-இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. தொற்று அபாயம் அதிகமுள்ள எல்லோருக்கும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது.

ஆணுறைதான் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதைப் போடுவதா வேண்டாமா என்பதை ஆண்தான் முடிவு செய்கிறான். பணம் கொடுத்து வருபவனிடமும், குடித்துவிட்டு வரும் கணவனிடமும் வற்புறுத்தும் வலிமை எத்தனை பெண்களுக்கு உண்டு? மாத்திரை அப்படியல்ல. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவளே எடுத்துக்கொள்ளலாம். பிற பால்வினை நோய்களையும் கருவையும் அது தடுக்காது என்பதால் ஆணுறையும் வேண்டும்தான். ஆனால் ஆணுறை மறுக்கப்படும் இடத்தில் அவளைக் காப்பது இந்த மாத்திரைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அபாயம் சாதியில் இல்லை, பழங்குடி ரத்தத்திலும் இல்லை. வாழும் நிலைமையில் இருக்கிறது. சாமையும் புளியும் தேனும் வருஷம் முழுக்கச் சோறு போடாததால் மலையாளிப் பழங்குடி மக்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸார் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலையிலிருந்து பிழைக்கப் போனவர்களும் இருந்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகும் தொழிலாளர்களை எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் தனிக் கவனம் தர வேண்டியவர்களாக அரசே சேர்த்திருக்கிறது. வேலையிடத்தில் மேஸ்திரியின் அத்துமீறலுக்கு ஆளாகும் பெண்ணும், வெளியூர் போன கணவனுக்காக ஊரில் காத்திருக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்ததே ஏழைப் பெண்களின் ரத்தத்திலிருந்துதான். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. எதற்கான பரிசோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவே இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, பிரெப் மாத்திரை நம் நாட்டில் எடுபடுமா என்று பார்க்க முன்வந்தவர்களும் பாலியல் தொழிலாளர்களே. கொல்கத்தாவில் துர்பார், மைசூரில் அசோதயா ஆகிய அவர்களுடைய சொந்த அமைப்புகள் வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாத்திரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்று வரவில்லை.

2022-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் பிரெப் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் தொற்றுள்ளவர்களுக்கு 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் ஏ.ஆர்.டி. மருந்தைப்போல, பிரெப் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. காசிருப்பவர் கடையில் வாங்கிக்கொள்ளலாம். காசில்லாதவர்?

தினமும் மாத்திரை சாப்பிடுவதும் எளிதல்ல. ஒளித்துவைக்க ஓர் அலமாரிகூட இல்லாத வீட்டில் மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே சந்தேகம் கிளம்பும். அதற்கும் வழி வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தபோது அவர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர், நம் பணத்தில் சுமார் மூன்றரை ஆயிரம் ரூபாய்க்கு அதைத் தர ஒப்புக்கொண்டிருப்பவை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இரண்டு ஹைதராபாத் நிறுவனங்கள். நம் நாட்டு மருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகும். போளூர் தாண்டி ஜமுனாமரத்தூருக்கு வருமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. வேலையிலோ படிப்பிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. பாலியல் தொழிலாளர்களையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. மாத்திரையும், வரும்போது ஊசியும், அரசுச் செலவில் மலைக்கு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனையையும் மலையிலேயே செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மருந்து தரும் அதே அறையில் இதையும் தந்தால், எவள் எதற்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டிய அவசர மருந்து, கடைசிப் பேருந்து போன பிறகும் மலையில் கையிருப்பில் இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் இதைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே கேட்கலாம். கிராம சபையில் சாலையும் தண்ணீரும் கேட்டு மனுக் கொடுக்கிறோம். அடுத்த மனுவில் இந்த மருந்தையும் ஒரு வரி சேர்த்து எழுதுவோம்.