பின்பக்கம் ஒரு சைடு சாயுதா? பிளேட் சேர்க்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

இன்னைக்கு நம்ம டாபிக் அம்பாசடர். 2014-ல உற்பத்தி நின்னு போன கார்தான். ஆனா தாத்தா வாங்கினது, அப்பா ஓட்டினதுன்னு இன்னும் நிறைய வீட்டு வாசல்ல நிக்குது. அந்த வண்டிகள்ல அடிக்கடி வர்ற ஒரு புகார்: பின்னாடி நின்னு பார்த்தா ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். பட்டறைக்குப் போனா, "அந்தப் பக்கம் ஒரு பிளேட் சேர்த்துடலாம் சார்"னு சொல்லுவாங்க. சேர்த்தா கார் நேரா நிக்கும். ஆனா எதனால சாய்ஞ்சதுன்னு தெரியாமலே சேர்த்தா, உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும்.

முதல்ல வண்டியோட அமைப்பைப் புரிஞ்சுக்கலாம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. பின்னாடி ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின எஃகுப் பட்டைகள். முன்னாடி டார்ஷன் பார்: நீளமான ஒரு எஃகுத் தண்டு, முறுக்கிக்கிட்டே எடையைத் தாங்கும். தனியா சேஸி கிடையாது, பாடியே சுமையைச் சுமக்குது.

அளக்கறதுல இருந்து ஆரம்பிப்போம். சமதளமான தரை, காலி வண்டி, ரெண்டு பக்கமும் ஒரே டயர் பிரஷர். வண்டியை ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டு, தானா நிக்க விடுங்க. பிறகு சக்கரத்தோட மையத்துல இருந்து மேல இருக்கற மட்கார்டு விளிம்பு வரை அளங்க. தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானமும் கணக்குல வந்துடும். பழைய வண்டியில மட்கார்டே தட்டி நிமிர்த்தினதா இருக்கலாம். அதனால அடியில ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் இருக்கற இடைவெளியையும் ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. அரை இன்ச் வித்தியாசம்னா பழைய காருக்குப் பெருசா கவலைப்பட வேண்டாம்.

அதுக்கு மேல இருந்தா அடுத்த கேள்வி: கோளாறு பின்னாடியா, முன்னாடியா? இதைத்தான் நிறைய பேர் கேக்கறதே இல்லை. கார் பாடி ஒரு விறைப்பான பெட்டி. முன் இடது மூலை இறங்கினா, பின் இடது மூலையும் கூடவே சாயும். பின்னாடி ஸ்பிரிங் நல்லாவே இருக்கும், பழி மட்டும் அது மேல விழும்.

இதுக்கு ஒரு எளிய டெஸ்ட் இருக்கு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. முன் கிராஸ் மெம்பரோட நடு மையத்துல ஜாக்கி போட்டு, முன் சக்கரம் தரையை விட்டு லேசா எழும்புற வரை தூக்குங்க. இப்போ முன்பக்கம் ஒரே புள்ளியில நிக்குது, டார்ஷன் பார் எந்தப் பக்கமும் இழுக்க முடியாது. பின்பக்கம் நேராயிடுச்சுன்னா கோளாறு முன்னாடி. அப்படியே சாய்ஞ்சிருந்தா பின்னாடி. ஜாக்கியில மட்டும் நிக்கற வண்டிக்கு அடியில யாரும் போகக்கூடாது, இதை மறந்துடாதீங்க. நம்ம பாஷையில சொன்னா, பிழை எந்த மாட்யூல்லன்னு பாதி பாதியா பிரிச்சுத் தேடறோம், அவ்வளவுதான்.

பின்னாடிதான்னா, வண்டியை உறுதியான ஸ்டாண்டுல நிறுத்தி நாலு விஷயம் பாருங்க. ஒண்ணு, உடைஞ்ச பிளேட். விரிசல் அடுக்குக்குள்ள மறைஞ்சிருக்கும். ரெண்டு, சென்டர் போல்ட். அது அறுந்தா ஆக்ஸில் முன்னும் பின்னும் நகரும். மூணு, ஷேக்கிளும் ரப்பர் புஷ்ஷும். நாலாவதுதான் ரொம்ப முக்கியம்: ஸ்பிரிங் பாடியோட சேர்ற இடம். அங்க துரு பிடிச்சு இரும்பு இளகினா அந்தப் பக்கம் இறங்கும். அந்த நிலையில பிளேட் சேர்த்தா, உயரம் கிடைச்சுடும். துருப்பிடிச்ச அதே இடம் தொடர்ந்து முழு சுமையையும் தாங்கிக்கிட்டு இருக்கும். குடும்பத்தோட ஹைவேயில போறப்போ அது விட்டுப்போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாம் நல்லா இருந்தும் சாயுதுன்னா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சந்தேகம் இருந்தா இடது, வலது ஸ்பிரிங்கை மாத்திப் போடுங்க. சாய்வும் பக்கம் மாறினா குற்றவாளி ஸ்பிரிங்தான்.

தீர்வு ஜோடியாதான் செய்யணும். ரெண்டு ஸ்பிரிங்கையும் பட்டறையில ஒரே அளவுக்கு வளைவு ஏத்தி வாங்குங்க, இல்லைன்னா ரெண்டையும் புதுசா போடுங்க. ஒரு பக்கம் மட்டும் பிளேட் சேர்த்தா உயரம் மட்டும் மாறாது, அந்தப் பக்கம் விறைப்பும் கூடும். பள்ளத்துலயும் வளைவுலயும் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி நடந்துக்கும்.

கடைசியா ஒண்ணு: ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது முழுசா முறுக்கக்கூடாது. வண்டி தரையில நின்னு, எடை ஏறின பிறகுதான் இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு, உயரத்தையும் கெடுக்கும், சீக்கிரம் கிழியும்.

அடுத்த தடவை பட்டறையில "ஒரு பிளேட் போட்டுடலாமா?"ன்னு கேட்டா, "முதல்ல முன்னாடி தூக்கிப் பாத்துடலாம் அண்ணே"ன்னு சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்!