ஒருமித்த கருத்து எவ்வாறு உருவாகிறது?

ஒரு குழுவினர் அனைவரும் ஒரே முடிவுக்கு உடன்படும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியே ஆராய்ந்தே அம்முடிவை அடைந்தனர் என்று கருதுவது இயல்பாயினும், உடன்பாடு வேறு வழிகளிலும் பிறக்கிறது என்பதைச் சமூக உளவியல் தெளிவாகக் காட்டியுள்ளது.

துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாபர் ஷெரீப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டறையில் அசையாதிருக்கும் ஒளிப்புள்ளி நகர்வதுபோல் தோன்றும் கண்மயக்கத்தைப் பயன்படுத்தினார். அது நகர்ந்த தூரத்தைத் தனியே மதிப்பிட்டபோது வெவ்வேறு அளவுகளைச் சொன்னவர்கள், குழுவாக அமர்ந்து ஒருவர் விடையை மற்றவர் கேட்டதும் படிப்படியாக ஒரு பொது அளவை நெருங்கினர். பின்னர் தனித்திருந்தபோதும் பெரும்பாலும் அதையே பின்பற்றினர். உண்மை தெளிவாகத் தெரியாத இடத்தில் பிறர் கூற்றையே சான்றாகக் கொள்ளும் இப்போக்கு, தகவல்சார் செல்வாக்கு எனப்படுகிறது.

விடை கண்முன்னே தெளிவாக இருந்தால் என்ன நிகழும் என்பதை 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் சோதித்தார். தரப்பட்ட கோட்டுக்குச் சமநீளமுள்ள கோட்டைக் காட்டும் எளிய பணியில், முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தவறான விடையோடு ஒத்துப்போயிற்று. தனித்து நிற்கவும் ஏளனத்துக்கு ஆளாகவும் அஞ்சி இணங்கும் இப்போக்கை நெறிசார் செல்வாக்கு என்பர். ஆனால் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் இந்த இணக்கம் பெருமளவு குறைந்தது. விடையைப் பிறர் அறியாமல் எழுதித்தர அனுமதித்தபோதும் அவ்வாறே குறைந்தது.

இத்தகைய இணக்கம் ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவுடன் நடந்த படையெடுப்பு படுதோல்வியடைந்தபின், அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர், கலந்தாய்வுகளில் தாம் மௌனம் காத்ததற்காக வருந்தி எழுதினார். இத்தகைய முடிவுகளை ஆராய்ந்த உளவியலாளர் இர்விங் ஜானிஸ், குழுவின் ஒற்றுமையைக் காப்பதற்காக ஐயங்களை அடக்கிக்கொள்ளும் இயல்பைக் ‘குழுச்சிந்தனை’ என்ற பெயரில் 1970களின் தொடக்கத்தில் விளக்கினார். தலைவர் தம் விருப்பத்தை முதலில் வெளிப்படுத்தலாகாது என்றும், மாற்றுக் கருத்தை எடுத்துரைக்கும் பொறுப்பை உறுப்பினருக்கு அளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

ஆகவே, எதிர்ப்பே எழாத உடன்பாட்டை உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. குடும்பமோ சங்கமோ ஆட்சிமன்றமோ, எந்த அவையாயினும் தலைமையேற்பவர்கள் முடிவெடுக்குமுன் ஒவ்வொருவர் கருத்தையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். மாறுபடும் குரலுக்கு இடமளித்தபின் எட்டப்படும் உடன்பாடே நம்பத்தக்கது.