சொன்ன பதிலும் எழுதிய எண்ணும்

வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்விகளில் "எங்கே பிறந்தீர்கள்?", "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற இரண்டும் மிகச் சாதாரணமாகத் தோன்றும். வயதைச் சொல்லத் தயங்குபவர்கள்கூட இவற்றுக்கு உடனே பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பதில் அப்படியே அரசின் அட்டவணைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் முதலில் எண்களாக மாற்றப்படுகின்றன. அந்த எண், அதே வீட்டில் கிடைத்த மற்ற பதில்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கப்படுகிறது. ஒத்துப்போகாதது திருத்தப்படுகிறது. அதன் பிறகுதான் 'பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் இத்தனை கோடி', 'வேலையில் இருக்கும் பெண்கள் இத்தனை சதவீதம்' என்ற செய்திகள் வெளிவருகின்றன. நடுவில் நடக்கும் இந்தக் குறியீட்டு வேலையைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். கணக்கெடுப்பின் முடிவு பெருமளவு தீர்மானமாவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் வாதம். ஆகவே எழுதப்பட்ட எண்ணோடு, மக்கள் சொன்ன சொல்லும் அழியாமல் இருக்க வேண்டும்.

குறியீடே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு சாட்சி. 1931 கணக்கெடுப்பில் பதிவான சாதிகள் 4,147. 2011-ல் தொடங்கிய சாதிக் கணக்கெடுப்பிலோ சுமார் 46 லட்சம் சாதிப் பெயர்கள் வந்து விழுந்தன என்று ஒன்றிய அரசே 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. முன்கூட்டியே பட்டியல் தயாரிக்காமல், அவரவர் சொன்னதை அவரவர் எழுத்துக்கூட்டலில் பதிந்ததால் ஒரே சாதி பல வடிவங்களில் பதிவாகிவிட்டது. மாறாக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி குறித்து வந்த 19,569 பதில்களைச் சலித்து, 1,369 தாய்மொழிகளாக்கி, அவற்றை 121 மொழிகளுக்குள் தொகுத்தார்கள். அங்கே அது சாத்தியமானதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாகப் பேணப்பட்டு வந்த வகைப்பாடும் அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இருந்ததுதான். குறியீடு இட்டே ஆக வேண்டும். அதை யார், எந்த நேரத்தில், எதைப் பார்த்து இடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திருப்பூரில் ஒரு வீட்டில் "பனியன் கம்பெனியில டெய்லர்" என்று பதில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு எண்கள் தேவை. அவர் செய்யும் பணிக்கு ஒன்று, அந்த நிறுவனம் இயங்கும் தொழில்துறைக்கு இன்னொன்று. பணிக்கான எண் 2015-ஆம் ஆண்டின் தேசியப் பணி வகைப்பாட்டிலிருந்து வருகிறது. அளவெடுத்து, வெட்டி, ஒரு முழுச் சட்டையைத் தைத்துக் கொடுக்கும் கடைத்தெரு டெய்லர் அதில் 753 என்ற தொகுதியில், கைவினைஞர்களோடு நிற்கிறார். நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் ஒரே தையலைப் போடுபவர் 815-ல், இயந்திரம் இயக்குபவர்களோடு நிற்கிறார். இருவருமே தங்களை டெய்லர் என்றுதான் சொல்வார்கள். 'டெய்லர்' என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் 753 என்று போட்டுவிட வாய்ப்பு அதிகம். தொழில்துறைக்கான எண்ணிலும் இதே சிக்கல். ஊரில் எல்லாமே பனியன் கம்பெனிதான். 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்துறை வகைப்பாட்டிலோ, பின்னலாடைத் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட்டும் சாயப்பட்டறையும் 13-ஆம் பிரிவான ஜவுளியில் வருகின்றன. துணியை வெட்டித் தைத்து உடையாக்கும் இடம் 14-ஆம் பிரிவான ஆயத்த ஆடையில் வருகிறது. "அங்க என்ன தயாராகுது? நீங்க எந்த மெஷின்ல உட்காருறீங்க?" என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டால் தீர்ந்துவிடும். கேட்காமல் விட்டால், ஒரு நகரத்தில் கைவினைஞர்கள் பெருகிவிட்டதாகவோ ஜவுளித் துறை வளர்ந்துவிட்டதாகவோ அட்டவணை சொல்லும். தரையில் அப்படி எதுவும் நடந்திருக்காது.

பெண்களின் வேலை என்று வரும்போது பிழையின் அளவு இன்னும் பெரிதாகிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உழைப்பாளிகள். 1971-ல் அது சுமார் 12 சதவீதம். பத்தாண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் வயலை விட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. கேள்வியும் வரையறையும் மாறின. 1961-ல், பருவ வேலையில் பெரும்பகுதி நாட்கள் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே உழைப்பாளி என்று கணக்கு. 1971-ல் 'உங்கள் முதன்மையான செயல் எது?' என்று முதலில் கேட்டார்கள். களையெடுத்து, நாற்று நட்டு, மாடு பார்த்து, சமைக்கவும் செய்தவர் 'வீட்டு வேலைதான்' என்றார். முதன்மை நிலையில் உழைப்பாளி அல்லாதவராக ஆனார். 1991-ல் கேள்வியிலேயே, குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் இதில் அடங்கும் என்ற விளக்கத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இன்று வேலைவாய்ப்பு எண்களைத் தருவது 2017-ல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல்நிலைக் குறியீடு உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர் 21. மாதச் சம்பளக்காரர் 31. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, மாட்டுத்தீவனம் சேகரிப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. ஒரு பெண் காலையில் புல்லறுத்து வருகிறார். அது வெறும் தீவனச் சேகரிப்பாகப் பதிவானால் அவர் 93. அதாவது உழைப்போர் கணக்கிலேயே இல்லை. அந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் பாலைக் கணவர் சொசைட்டியில் ஊற்றுகிறார், மாட்டைப் பராமரிப்பது இவர்தான் என்று தெரியவந்தால் அவர் 21, வேலையில் இருப்பவர். "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்ற பதிலுக்குப் பின் "மாடு இருக்கா? பால் எங்க போகுது?" என்று கேட்கப்பட்டதா இல்லையா என்பதில்தான் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு தங்கியிருக்கிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்ணின் நிலை வேறு விதம். இலையும் தூளும் கடையிலிருந்து வருகின்றன, சுற்றிய பீடி எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கப்படுகிறது. ஆனாலும் இப்படி வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே நம் ஆய்வுகள் வகைப்படுத்தி வந்திருக்கின்றன. விலையும் அளவும் தன் கையில் இல்லாதவரைத் தொழில் நடத்துபவர் என்று எழுதுவது பொருந்தாது. உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 2018-ல் 'சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர்' என்ற தனி வகையை ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான்.

பிறந்த இடத்தைப் பொறுத்தவரை ஆட்கள் மட்டுமல்ல, எல்லைகளும் நகர்கின்றன. 1955-ல் திருத்தணியில் பிறந்த ஒருவர் அன்றைய ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1960-ல் அந்த ஊர் தமிழகத்தோடு இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வந்தது. 1997-க்குப் பிறகு அது திருவள்ளூர் மாவட்டம். ஊரை விட்டு ஓரடி நகராதவரையும், அவர் பிறந்த காலத்து எல்லைப்படி குறியீடு இட்டால், வெளிமாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவராக்கிவிடலாம். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் கணக்கெடுக்கும் நாளில் உள்ள எல்லைகளையே கொள்ள வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை பரிந்துரைப்பது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான். செங்கல்பட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2019-ல் அதே பெயரில், முன்பைவிடச் சிறிய புதிய மாவட்டம் உருவாகிவிட்டது. "செங்கல்பட்டு மாவட்டம்" என்று ஒரு முதியவர் சொன்னால், பொன்னேரியா மதுராந்தகமா என்று ஊர்ப்பெயரையும் கேட்டால்தான் சரியான எண் போட முடியும். இதோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஊரில் பிறந்து மூன்றாம் மாதம் அப்பாவின் ஊருக்கு வந்த குழந்தை, பிறந்த இடத்தைக் கொண்டு பார்த்தால் வாழ்நாள் முழுதும் குடிபெயர்ந்தவர். 2001 கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்த காரணங்களில் 'பிறந்தபின் இடம் மாறியவர்' என்ற தனிக் குறியீடு சேர்க்கப்பட்டது. நம் வாழ்க்கைமுறை வகைப்பாட்டைத் திருத்திய நல்ல தருணம் அது. மறுபக்கத்தில், காரணம் ஒன்றுதான் என்ற விதி இன்னும் இறுக்கமாக இருக்கிறது. திருமணமாகி வேறு ஊருக்கு வந்து ஆலை வேலைக்குப் போகும் பெண் 'திருமணம்' என்ற குறியீட்டோடு முடிந்துவிடுகிறார். வேலை கிடைக்கும் ஊர் என்பதாலேயே அந்த வரன் பார்க்கப்பட்டிருந்தாலும் அது எங்கும் பதிவாகாது.

குறியீடு இட்டபின் வருவது சரிபார்ப்பு. அதன் அவசியத்தை விளங்கவைக்க 1950-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆன்ஸ்லி கோல், ஃப்ரெடரிக் ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் அட்டவணைகளில், மனைவியை இழந்த பதினான்கு வயதுப் பையன்கள் நம்ப முடியாத எண்ணிக்கையில் இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் எண்ணிக்கையும் சில வயதுப் பிரிவுகளில் மட்டும் விசித்திரமாக வீங்கியிருந்தது. துளையிட்ட அட்டைகள் சிலவற்றில் தகவல் ஒரு பத்தி தள்ளிப் பதிவானதால் நடுத்தர வயதினர் சிலர் சிறுவர்களாக மாறியிருந்தார்கள் என்பதை, அட்டைகளைக் காணாமலே, எண்களின் போக்கை வைத்து 1962-ல் நிறுவினார்கள். மொத்தத்தில் மிகச் சிறிய பிழை. ஆனால் அரிதாக உள்ள பிரிவினரின் கணக்கு அதனால் முழுவதும் கெட்டுப்போனது.

இன்று இத்தகைய முரண்களை விதிகள் பிடிக்கின்றன. 1976-ல் இவான் ஃபெலெகி, டிம் ஹோல்ட் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் வகுத்த நெறி இன்றுவரை அடிப்படையாக இருக்கிறது: ஒரு படிவத்தில் முரண் இருந்தால், எத்தனை குறைவான பதில்களை மாற்றினால் அது தீருமோ அத்தனையை மட்டும் மாற்று. வயது 9, மணமானவர், மாதச் சம்பளம் என்று இருந்தால், திருமணத்தையும் வேலையையும் அழிப்பதைவிட வயதை மட்டும் சந்தேகிப்பது முறை. சிறந்த நெறிதான். ஆனால் எது முரண் என்று வகுப்பவர் மனிதர். பத்து வயதுச் சிறுமி பீடி சுற்றுகிறாள் என்ற பதிலை 'நடக்க முடியாதது' என்ற பட்டியலில் வைத்தால், குழந்தைத் தொழிலாளரைக் கணினியே சத்தமில்லாமல் நீக்கிவிடும். பிறப்பதற்கு முன்பே ஊருக்கு வந்ததாக ஒருவர் பதிவானால் அது நடக்க முடியாதது, திருத்தலாம். சிறுமியின் வேலை நடக்கக் கூடாதது. அதைத் திருத்தாமல் திரும்பக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இந்த இரண்டு வகை விதிகளையும் கலந்துவிடுவதைவிட ஆபத்தான தவறு சரிபார்ப்பில் இல்லை என்பேன்.

கைக்கணினியில் பதிவு செய்வதால் இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்பது வலுவான மறுப்பு. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் டிஜிட்டல் முறையில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. முரணான பதில் வந்தால் வாசலிலேயே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே பெரிய நன்மை. காகிதப் படிவத்தில் அது முடியாது. ஆனால் பட்டியலிலிருந்து ஓர் எண்ணைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் முறையில், குறியீடு இடும் தீர்ப்பு, பயிற்சி பெற்ற அலுவலகக் குறியீட்டாளரிடமிருந்து கணக்கெடுப்புப் பணிக்காக வெயிலில் வீடு வீடாக நடக்கும் ஆசிரியரின் விரலுக்கு மாறிவிடுகிறது. அவர் 753-ஐத் தட்டிவிட்டால், 'ஓவர்லாக்' என்று அந்தத் திருப்பூர் டெய்லர் சொன்னது எங்கும் எஞ்சாது. ஒரே பதில்களை இருவர் தனித்தனியே குறியிட்டு எத்தனை இடங்களில் வேறுபடுகிறார்கள் என்று பார்ப்பது குறியீட்டின் தரத்தை அளக்கும் பழைய, நம்பகமான வழி. புள்ளியியலாளர் மகலனோபிஸ் தம் மாதிரி ஆய்வுகளில், ஒரே பகுதியை இரு குழுக்களைக் கொண்டு தனித்தனியே ஆய்வு செய்யவைத்து ஒப்பிட்டதும் இதே நோக்கத்தில்தான். சொல் இல்லாமல் எண் மட்டும் இருந்தால், இரண்டாமவர் குறியிட எதுவுமே இருக்காது.

செலவு என்ன ஆகும் என்று கேட்கலாம். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் தொழில் விவரத்தை வாக்கியமாகப் பதிவது சுமைதான்; அதை எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு மாதிரிக்கும், தொழிலாளர் கணக்கெடுப்பு போன்ற மாதிரி ஆய்வுகளில் முழுமைக்கும் சொன்ன பதிலைச் சேமித்தால் போதும். இனி இயந்திரமே குறியிடும், மனிதச் சொல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பு, பணியிடக் காயங்கள் குறித்த விவரணைகளுக்கு இயந்திரத்தைக் கொண்டு குறியிடத் தொடங்கியது 2014-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து. அந்த இயந்திரம் கற்றுக்கொண்டது, மனிதர்கள் முன்பு குறியிட்டு, மூல வாசகத்தோடு சேமித்து வைத்திருந்த பதிவுகளிலிருந்து. தமிழில் 'சாயப்பட்டறையில மெஷின் ஓட்டுறேன்' என்பதற்கு எந்த எண் என்று இயந்திரத்துக்குக் கற்பிக்க, தமிழில் சொல்லப்பட்ட பதில்கள் ஏராளமாக வேண்டும். அவற்றை இன்று தூக்கியெறிந்துவிட்டு நாளை இயந்திரத்திடம் எதிர்பார்ப்பது நடக்காது.

தனிமையுரிமை குறித்த கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிற்றூரில் 'கோயில் நாதஸ்வரக்காரர்' என்ற பதிவு ஒரே ஆளைத்தான் குறிக்கும். ஆகவே சொற்கள் பொதுவெளிக்கு வரக் கூடாது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, குறியீட்டைச் சோதிக்கும் பணிக்கு மட்டும், கணக்கெடுப்பு அமைப்பின் காவலுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியிட வேண்டியவை வேறு: எந்த எண் எந்தப் பதில்களை உள்ளடக்குகிறது என்ற கையேடு, இரு குறியீட்டாளர்கள் எத்தனை சதவீதம் ஒத்துப்போனார்கள் என்ற கணக்கு, சரிபார்ப்பில் எந்த விதியால் எத்தனை பதில்கள் மாற்றப்பட்டன என்ற அட்டவணை. பெண்களின் வேலைவாய்ப்பு ஓராண்டில் ஏறியதா இறங்கியதா என்று அடுத்த முறை விவாதம் எழும்போது, 92, 93, 21 ஆகிய மூன்று எண்களுக்கிடையே எத்தனை பேர் இடம் மாற்றப்பட்டார்கள் என்பதை எவரும் எடுத்துப் பார்க்கும்படி இந்த அட்டவணை முதன்மை அறிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும்.